ஒரு பக்கப் பச்சை

பழங்காசுக் கடை வாசல் வெயிலில் ஹயாத் பாய் அந்தப் பழைய செப்புக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒரு பக்கம் பாசிப் பச்சை, மறுபக்கம் விளக்கிய குடம்போலச் சிவப்பு. "தானா பழசானா ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் கறுக்கும். பச்சைய மருந்து வச்சி ஏத்தியிருக்காங்கமா, போலி இது" என்கிறார். அதை விற்க வந்த கன்னியம்மாளுக்குச் சுருக்கென்கிறது. காசைக் கழற்றிய கறுப்புக் கயிறு இன்னும் அவள் கழுத்தில் கிடக்கிறது. அதை விலக்குகிறாள். தொண்டைக்குழிக்குக் கீழே வட்டமாகப் பச்சைக் கறை. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா இங்கதான் ஒரு பக்கம் ஒரசிக்கினு கெடந்துது பாய். மண்ணுல கெடந்தாதான் பழசா? மனுஷி மேல கெடந்தா ஆவாதா?" பாய் ஏதோ விலை சொல்ல வாயெடுக்கிறார். அவள் காசைப் பிடுங்கிக் கயிற்றில் கோத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். சிவப்பு நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள, பச்சை ஊரைப் பார்த்துக்கொண்டு போகிறது.