பின்னாடி ஒரு ஆள்

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடியும் திரும்பிப் பார்த்தார். வளைவுக்குக் கீழே அந்தப் பெண் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தாள். அப்பாடா, இன்னும் பின்னாடிதான் வருகிறாள். அவருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

விஷயம் அவ்வளவு லேசானது இல்லை. மச்சான் கோஷ்டியோடு போன ஒவ்வொரு மலை நடையிலும் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்தான். இன்றைக்கு ஒரு பெரிய கிளப் நடத்தும் நடை. கிளம்பும்போதே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்காவது ஒரே ஒருத்தரை முந்திக் காட்டுங்க. இல்லேன்னா அந்த ரூமைக் காலி பண்ணிட்டு என் தையல் மெஷினைப் போட்டுடுவேன்."

அந்த ரூம் என்றால் டென்ட், மடக்கு அடுப்பு, தலையில் மாட்டும் விளக்கு, விதவிதமாய் ஷூ. எதிலும் மண் ஒட்டியது கிடையாது. ஆனால் கடை, வீடு, கடை என்று ஓடுகிற மனுஷனுக்கு, தனக்கென்று இருந்தது அந்த ஒரு ரூம்தான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டென்டை விரிப்பார், மடிப்பார். அதைப் பறிகொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

நடைதான் வராதே தவிர, மலை ஏறுகிறவர்களின் பாஷையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீடியோ பார்த்துப் பார்த்து அத்தனை வார்த்தையும் மனப்பாடம். காலையில் அடிவாரத்தில் லீடர் இன்றைய ஏற்பாடுகளை விளக்கியபோதுகூட, தெரிந்ததைத் திரும்ப எதற்குக் கேட்பது என்று புது ஷூவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். பல் டாக்டராம். முதுகில் அவளைவிடப் பெரிய பை.

"மூச்சு வாங்குதா சார்? கொஞ்சம் உக்காருங்களேன்."

"மூச்சு வாங்கலைம்மா. அக்ளமடைஸ் பண்றேன், அதாவது உடம்பை மலைக்குப் பழக்கறேன்," என்று பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். "நீங்க இதுக்குப் புதுசு போல. பையைப் பார்த்தாலே தெரியுது. பேஸ் வெயிட்டைக் குறைக்கணும். சோறு, தண்ணி போக மிச்சம் இருக்கற சுமையை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"ஓ," என்றாள் அவள்.

"அப்புறம், தண்ணி குடிக்கறேன்னு சொல்லக் கூடாது. ஹைட்ரேட் பண்றேன்னு சொல்லணும்."

அவள் தன் பாட்டிலை நீட்டினாள். அவருடைய பாட்டில் பாதி வழியிலேயே காலி. வாங்கி மடக் மடக்கென்று ஹைட்ரேட் பண்ணினார்.

மறுபடி நடந்தார்கள். அவர் நின்றால் அவளும் நின்றாள், அவர் நடந்தால் அவளும் நடந்தாள். பாவம், தெம்பே இல்லை இந்தப் பொண்ணுக்கு என்று உச்சுக் கொட்டிக்கொண்டார்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வழி தெரிவதற்காக மரங்களில் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, வழி காட்டறதுக்குக் கட்டினது. அதைப் போய் எடுக்கலாமா?"

"நமக்கப்புறம் யாருக்கும் தேவைப்படாது சார்."

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தான்தான் கடைசி என்பதை எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறாள். நாமாக இருந்தால் முழங்கால் வலி, ஷூ கடி என்று ஆயிரம் சாக்கு சொல்லியிருப்போம்.

மேலே மேடு ஒன்று தெரிந்தது. "அதை உச்சின்னு நம்பிடாதீங்க," என்றார் கையை ஆட்டி. "அது ஃபால்ஸ் சம்மிட். கிட்டப் போனா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்கும். புதுசா வர்றவங்க அதுலதான் ஏமாறுவாங்க."

"கிளப் கொடி பறக்குதே சார்."

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கொடி பறக்கத்தான் செய்தது. அதற்குக் கீழே மடக்கு நாற்காலியில், ஜீப்பில் முன்னாடியே வந்துவிட்ட மனைவி. பக்கத்தில் மச்சான், வீடியோ எடுக்கச் செல்போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்தபடி.

"உங்க வீட்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களாம்மா?"

"மேலதான் நிக்கறாங்க. வீட்டுக்காரரும் பொண்ணும். நான் எப்ப வருவேன்னு பார்த்துட்டே இருப்பா."

அவருக்கு நடை தளர்ந்தது. அம்மா கடைசியாக வருவதை அந்தக் குழந்தை பார்க்கப் போகிறது. எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? டென்டை நினைத்தார். தையல் மெஷினை நினைத்தார். போனால் போகிறது, ரூம்தானே.

கொடிக்குப் பத்தடி இருக்கும்போது ஒதுங்கி வழி விட்டார்.

"நீங்க முன்னாடி போங்கம்மா. குழந்தை பார்த்துட்டு இருக்கா. நான் கடைசியா வர்றேன்."

அவள் நகரவில்லை. பக்கத்து மரத்தில் இருந்த கடைசி ரிப்பனையும் அவிழ்த்துப் பைக்குள் திணித்தாள்.

"நான் முந்தக் கூடாது சார்," என்றாள் சங்கடமாக. "கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்றதுதான் இன்னிக்கு என் டியூட்டி."