விரல் நீளக் கண்ணாடி

ஓவர்சியர் தீப்பெட்டி கேட்டார். பட்டப்பகலிலும் அந்த மூலைச் சுவர் இருண்டு கிடந்தது.

தீப்பெட்டி எப்போதும் முருகன் படத்தின் காலடியில்தான் இருக்கும். ஆறுமுகத்தாய் அந்தப் பக்கமே போகாமல் அடுப்படியிலும் டிரங்குப் பெட்டியிலும் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கணேசபாண்டியன் பொறுமையிழந்து, பீடிக்கு வைத்திருந்த தன் தீப்பெட்டியை நீட்டினார்.

சுவரில் ஒரு வெடிப்பு. சீனச் சண்டைக் காலத்தில் மயிரிழையாக இருந்தது, இப்போது பல்லி நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. போன மாதம் இதே ஓவர்சியர் வந்து, வெடிப்பின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு அப்பிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்திருந்தால், ஒற்றையறைக் குடித்தனங்கள் வரிசையாக உள்ள இந்தச் சால் கட்டடம் முழுவதும் காலி செய்ய வேண்டும்.

பக்கத்துச் சாலில் உடைந்திருந்தது. அந்த ஜனங்கள் இன்றைக்கும் சயான் பாலத்தடியில் சட்டி பானையோடு கிடக்கிறார்கள். மழை வேறு இதோ அதோ என்கிறது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தெருவில் கிடக்க முடியுமா?

முந்தானையை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். குச்சி அணைந்தது. ஓவர்சியர் இன்னொன்றை உரசினார். அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறாரோ அந்த மனுஷன்.

“டீக் ஹை,” என்றார் ஓவர்சியர். கண்ணாடி முழுசாக இருக்கிறது, இந்த மழைக்குப் பயமில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கணேசபாண்டியனுக்கு முகமெல்லாம் பல். இத்தனை நாளும் பயத்தில் பிள்ளையை வாசலோரம், கொசுக்கடியில்தான் போட்டிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய் மூலைச் சுவரோரம் கிடத்தினார்.

“அங்க வேண்டாங்க. செவரு ஓதம் பிள்ளைக்கு ஆவாது.”

“வைகாசி வெயில்ல என்னட்டி ஓதம்? கண்ணாடிதான் உடையலேல்லா. பெறகென்ன பயம் ஒனக்கு?”

அவள் பாயை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வீடு தப்பியது முருகன் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டே அவர் கைகால் கழுவி வந்தார். சந்தனத்தைக் குழைத்து, வெள்ளிக்கிழமை வைக்கிற மாதிரி, படத்தில் முருகன் நெற்றிக்குப் பொட்டு வைத்தார்.

விரல் வழுக்கவில்லை. படத்தில் கண்ணாடியே இல்லை. சந்தன ஈரத்தில் காகிதம் ஊறிக்கொண்டிருந்தது.

அவர் தன் விரலைப் பார்த்தார். மெல்லத் திரும்பி, மூலைச் சுவரில் வெடிப்பின் குறுக்கே இருந்த கண்ணாடித் துண்டைப் பார்த்தார்.

அங்கே பாய் மட்டும் கிடந்தது. ஆறுமுகத்தாய் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள்.