தேய்க்காத பெயர்கள்

போன போரில் எதிரியிடமிருந்து பிடித்த துப்பாக்கிகளை நம் படைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ஆயுதக் கிடங்கில் போஹுமிலின் வேலை. குழலில் நம் நாட்டு முத்திரையைக் குத்த வேண்டும். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் எதிரியின் எழுத்து ஒன்றுகூட மிஞ்சாமல் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். மேலிடத்து உத்தரவு. சோதனைக்கு வந்த கேப்டன் ஹாவ்லிக், சுவரோரம் வரிசையாக நின்ற துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். முத்திரையில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டையிலும், பேனாக்கத்தியால் கீறிய ஏதோ ஒரு பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது.

“என்னய்யா இது? வேலை போகணும்னு ஆசையா?”

“சிப்பாய்ங்க பேரையெல்லாம் சுத்தமா தேய்ச்சுட்டேன் சார். இந்தப் பொண்ணுங்க நம்மள என்ன பண்ணாங்க? மனசு வரல.”

கேப்டன் உப்புத்தாளை எடுத்து ‘ஈல்சே’ என்ற பெயரின் மேல் வைத்தார். தேய்க்கவில்லை.

“என் துப்பாக்கியையும் எதிரிங்க பிடிச்சுட்டுப் போயிட்டாங்க” என்றார். “அதுல ‘ருஷேனா’ன்னு கீறி வெச்சிருந்தேன். கோணல்மாணலா இருக்கும்.”



கேப்டன் உப்புத்தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அங்க தேய்க்க உக்காந்திருக்கிறவன் எப்படிப்பட்டவனோ?”