நிபந்தனைன்னா நிபந்தனைதான்

"இலவசமா எழுதிக் கொடுக்கிறவன் ஒண்ணு ஏமாளியா இருக்கணும், இல்ல உள்ளே ஏதாவது வில்லங்கம் வெச்சிருக்கணும்," என்றார் சட்ட ஆலோசகர். எதையும் வெட்டித் தள்ளுவதால் ஆபீஸ் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரி.

அவர் முன்னால் மேசையில் இரண்டு போன்கள். கம்பெனி கொடுத்தது ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. மற்றது எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பட்டன் போன்; ஆறு வருஷமாக அது வாயே திறந்ததில்லை. ஆனாலும் தினமும் சார்ஜ் மட்டும் ஏறிவிடும்.

"அதைத் தூக்கிப் போடுங்களேன் சார். யார் கூப்பிடப் போறா?" என்றாள், எதிரே லேப்டாப்புடன் இருந்த தலைமைப் புரோகிராமர்.

"கூப்பிட வேண்டியவன் கூப்பிடுவான். நீ பட்டியலைப் படிம்மா."

கம்பெனி தன் மென்பொருளுக்குள் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்ட, யார் யாரோ இலவசமாக எழுதி வைத்த ஓப்பன் சோர்ஸ் நிரல்களின் பட்டியல் அது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெட்டி எறியலாம் என்ற கொள்கையில் மாலைக்குள் கையெழுத்து விழுந்தாக வேண்டும்.

நாற்பத்திரண்டாவதில் அவள் இழுத்தாள். "இது அடித்தளத்துல இருக்கு சார். புடுங்கினா எட்டு மாசம் எல்லாரும் கையைக் கட்டிட்டு உட்காரணும். ஆனா லைசென்ஸ்ல ஒரு நிபந்தனை. பயன்படுத்துறவங்க, கீழே இருக்கிற நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணி, ஒரு வரியைச் சொல்லணும்."

"எத்தனை பேர் பயன்படுத்துறாங்க?"

"ஆயிரக்கணக்குல."

"அத்தனை பேரும் கூப்பிட்டாங்களாமா?"

"லைசென்ஸை யார் சார் படிக்கிறா? நாமளே நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் படிக்கிறோம்."

"எழுதினவன்கிட்ட நிபந்தனையை எடுத்துடச் சொல்லு."

"கேட்டுட்டேன். 'நிபந்தனைன்னா நிபந்தனைதான்'னு ஒரே வரியில பதில்."

கத்தரிக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. முப்பது வருஷமாகக் கோர்ட்டிலும் வீட்டிலும் அவர் சொல்லிவந்த வார்த்தை அது. வீட்டில் அதைக் கேட்க ஆறு வருஷமாக ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

"சரியாத்தானே சொல்லியிருக்கான். போனைப் போட்டுச் சொல்லிட்டு அடுத்ததுக்கு வா."

"வரி ஒரு மாதிரியா இருக்கு சார்."

"நமக்கென்ன வந்தது? கொள்கையில முதல் விதியா எழுதிக்கோ. எந்த நிபந்தனையா இருந்தாலும் படிக்கணும், நிறைவேத்தணும்."

அவள் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

பட்டன் போன் அலறியது.

கத்தரி அவளைக் கையமர்த்தினார். எந்த நம்பர் என்றுகூடப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுடா."

பதில் காதுக்குள்ளும் கேட்டது, மேசைக்கு எதிர்ப்பக்கமும் கேட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தாள்.

"உங்க பையன் உருப்பட்டுட்டான்."