கப்பலின் வயிற்றில் இடுக்கி

இடுக்கி எப்போது உள்ளே விழுந்தது என்பது ஓய்வுபெற்ற அறுவை மருத்துவருக்கு இப்போதும் சரியாக நினைவில்லை. தான் செய்துவந்த பழங்காலப் பாய்மரக் கப்பல் மாதிரிக்கு மேல்தளப் பலகைகளை இழைத்து ஒட்டி முடித்து, ஆசையாகத் தூக்கிப் பார்த்தபோதுதான் அது வயிற்றுக்குள் கலகலத்தது.

"ஒரு நோயாளி வயித்துலயும் எதையும் விட்டதில்லன்னு பீத்திக்குவீங்களே," என்றாள் மனைவி.

"சிரிக்காத. தளத்தப் பிரிச்சா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு."

"காலையில பிரிச்சுக்கலாம். நோயாளி எங்கயும் ஓடிட மாட்டார்."

காலையில் இடுக்கி மேல்தளத்தில் கிடந்தது. ஒரு பலகையும் அசைந்திருக்கவில்லை. தளத்தில் இருந்த ஒரே திறப்பான இறங்குவழியோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இடுக்கி உருளாதபடி பாய்மரத்தோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சு அவருக்குப் போடத் தெரியாது.

"நீயா?"

"ஊசியில நூல் கோக்கவே எனக்குக் கண்ணு தெரியல."

இருவரும் குனிந்து இறங்குவழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். "கப்பல்ல வேலைக்கு ஆள் சேந்துட்டாங்க போல."

கப்பலைப் பிரிக்கவில்லை. அது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மருத்துவர் அடுத்த கப்பலைத் தொடங்கிவிட்டார். மனைவி பெட்டியின் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கிறாள். சில காலைகளில் கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் பட்டதுபோல் மங்கியிருக்கும். கப்பலின் பக்கவாட்டுக்கு நேரே மட்டும் அந்த மங்கல், வரிசையாக, எள்ளளவு எள்ளளவாக, வெளியே பார்ப்பதற்குப்போல் துடைக்கப்பட்டிருக்கும்.