தேன் நிறத் துண்டு

“அவங்க பூசின கலர் ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது. மொத்தமா எடுத்துடுங்க.”

பாலிஷ்காரர் தன் பட்டறையில் இறக்கியிருந்த டிரெஸ்ஸிங் டேபிளை ஒரு சுற்று சுற்றி வந்தார். கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத அடர்நிறம். குனிந்தால் முகம் தெரியும் பளபளப்பு.

“இது நான் பூசினதாச்சேம்மா! அந்தம்மா இதே ஸ்டூல்ல உட்கார்ந்து பூச வச்சாங்க. அது பெரிய கதை. அன்னிக்கு...”

“அவங்க கதை எனக்கெதுக்கு? நான் கலர் மாத்த வந்திருக்கேன்.”

அவர் சாம்பிள் பலகைகளை எடுக்க உள்ளே போனார்.

‘அவங்க’ என்றது அவள் கணவரின் முதல் மனைவியை. இறந்து சில வருஷம் ஆகிறது. உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். படமாகிச் சுவரில் சிரிப்பவளை என்ன செய்வது? இவள் வந்ததும் சோபா போனது, திரைச்சீலைகள் போயின. கணவர் எதையும் தடுக்கவில்லை. இந்த மேஜைக்கு மட்டும், “விக்க வேண்டாம். கலர் வேணா உன் இஷ்டம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரே துணியை எடுத்துக்கொண்டு இதன்முன் உட்கார்ந்துவிடுவார். கால், கைப்பிடி, கண்ணாடிச் சட்டம் ஒன்றையும் விடமாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாததற்கு, “அண்ணி ஆசையாப் பூசின கலர்” என்று நாத்தனார் வேறு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள்.

பாலிஷ்காரர் சாம்பிள் பலகைகளைப் பரப்பினார்.

“இது மேலேயே கறுப்பு ஏத்திடலாம்மா. வேலை சுலபம்.”

“இருட்டுக்கு மேல இன்னொரு இருட்டா? வேண்டாம்.”

“வால்நட் கலர்? இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க.”

“எல்லாரும் கேக்கறது எனக்கெதுக்கு?”

அவள் கைப்பையைத் திறந்து விரல் நீள மரத்துண்டு ஒன்றை எடுத்தாள். இளம் தேன் நிறம். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

“இந்தக் கலர் வேணும்.”

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “ரொம்பப் பழைய சாம்பிளா இருக்கே. எங்கே கிடைச்சுது?”

“வீட்டுல கிடந்தது” என்றாள் அவசரமாக.

“மேட் ஃபினிஷா, பளபளப்பா?”

“பளபளப்பு வேண்டவே வேண்டாம். மறுபடி துணியைத் தூக்கிட்டு உட்கார்ந்துடுவார்.”

மறுவாரம் பாலிஷ்காரரே போன் செய்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போங்கம்மா.”

போனாள். அடர்நிறம் முழுவதும் உரிந்து, பட்டறை நடுவில் தேன் நிறத்தில் நின்றது மேஜை.

“பரவாயில்லையே, பூசியே முடிச்சுட்டீங்களா?”

“நான் எங்கேம்மா பூசினேன்? மேல இருந்ததை உரிச்சேன், அவ்வளவுதான். இது அடியில இருந்த சாயம். மரத்துக்குள்ள இறங்கினது, போகாது. அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடலை.”

“என்ன சொல்றீங்க?”

“சார் முதல்ல இதைச் செய்யச் சொன்னப்போ நாலஞ்சு சாம்பிள் துண்டு வாங்கிட்டுப் போனார். கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட காட்டணுமாம். ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்தார். ‘தேன் கலரை அவ கையைவிட்டு வாங்க முடியலைங்க, அதையே பூசிடுங்க’ன்னு ஒரே சிரிப்பு. ஆனா பெரியவங்களுக்குள்ள ஏதோ தகராறு, கல்யாணம் நின்னுபோச்சு. அப்புறம் வந்த அந்தம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அம்மாடி, என்ன வயித்தெரிச்சல்! ‘அவ எடுத்த கலர் ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது’ன்னு என் எதிர்லயே உட்கார்ந்து மேல அந்த அடர் கலரைப் பூச வச்சாங்க. சார் இந்த ஓரமா நின்னார். முகத்தைப் பார்க்கவே முடியலைம்மா.”

அவள் மேஜையருகே போனாள்.

பாலிஷ்காரர் அவள் தந்திருந்த மரத்துண்டை மேஜையின் மேல் வைத்தார். எது துண்டு, எது மேஜை என்று தெரியவில்லை.

“அடடா! அந்தப் பொண்ணு திருப்பித் தராத துண்டேதான் இது. உங்க கைக்கு எப்படிம்மா வந்தது?”

“அவர்தான் கொடுத்தார்” என்றாள் அவள், மேஜையைத் தடவியபடி. “எங்க கல்யாணம் முதல் தடவை பேசி நின்னுபோறதுக்கு முந்தி.”