தோள்மேல் இரண்டு கீறல்

போனில் மகளின் பெயரை மறுபடியும் தட்டினான்.

நங்கை.

'அப்படி யாரும் இல்லை' என்றது திரை.

யாரும் இல்லையாமே! காலையில் மகளுக்குத் தொப்பியை மாட்டி, கன்னத்தைக் கிள்ளி, இவன்தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

டோக்கியோ குலுங்கி நின்று கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் ரயில் நின்றுவிட்டது. பிள்ளைகள் காப்பகமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே போனை யாரும் எடுக்கவில்லை.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் ஆடினால் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போவார்கள். பத்திரமாக வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுப்பார்கள். படத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரையே ஹிராகனா என்கிற ஜப்பானிய எழுத்தில் வைத்து இணையத்தில் ஏற்றுவார்கள். பெற்றவர்கள் பெயரைத் தட்டினால் போதும், பாதிப் பெயரைத் தட்டினாலும் போதும், முகம் வந்து நிற்கும்.

அலுவலகத்தில் மற்றப் பெற்றவர்கள் எல்லாருக்கும் வந்து நின்றது. சகுராவின் அப்பா மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். ஹருதோவின் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே பையை எடுத்தாள்.

இவனுக்கு மட்டும் இல்லை.

தம்பி கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்த மனைவி செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். "பாப்பா எங்கீங்க?"

பெயரை இன்னொரு தடவை தட்டினான். அதே பதில்.

எதிர் மேசையில் கவாமுராவும் எழுந்திருக்கவில்லை. அவள் மகளும் அதே காப்பகம்தான். போனை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவன் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்றான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத்தான் போனான். கண் அவள் போன் திரையில் விழுந்தது.

மெகுமி என்று தட்டியிருந்தாள். நடு எழுத்தின் தோள்மேல், அதன் ஒலியை மாற்ற, இரண்டு சின்னக் கீறல்.

ஹிராகனாவில் நங்கை என்று எழுதினாலும் ஓர் எழுத்துக்கு அதே கீறல் விழும்.

சகுராவுக்குக் கீறல் கிடையாது. ஹருதோவுக்கும் கிடையாது.

அட கடவுளே!

கம்ப்யூட்டர் எழுத்தையா பார்க்கிறது? எண்ணைத்தானே பார்க்கிறது! கீறல் போட்ட எழுத்தை ஒரே எண்ணாகவும் வைக்கலாம். எழுத்துக்கு ஓர் எண், கீறலுக்கு ஓர் எண் என்று பிரித்தும் வைக்கலாம். நம்முடைய 'கொ' இல்லையா, கொம்பும் காலும் ஒரே எண்ணிலும் கிடக்கும், தனித்தனி எண்ணிலும் கிடக்கும், அதே கூத்துதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அந்த மரமண்டைக்கு இது யாரோ, அது யாரோ. காப்பகத்துக் கணினி படங்களின் பெயரைப் பிரித்து வைத்திருக்கிறது. இவர்கள் இங்கே சேர்த்துக் கேட்கிறார்கள்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா? பயத்தில் மூளை எங்கே வேலை செய்தது.

அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்...

இல்லாவிட்டால் என்று நினைக்கவே முடியவில்லை.

"கொஞ்சம் குடுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவள் கையிலிருந்து போனை வாங்கினான். முதல் இரண்டு எழுத்தை மட்டும் தட்டினான். கீறலைப் போடவில்லை. பெயரைப் பிரித்து வைத்திருந்தால் இதுவே போதும்.

படம் வந்தது.

திடல். நீலப் பாய். வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள் மெகுமி.

அவளை ஒட்டி, படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு இன்னொரு முகம். உப்பிய கன்னம். கையில் பிஸ்கட்.

நங்கை!

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. மகளின் பெயரை இன்னொரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மனைவிக்கு எழுதினான். "இருக்கா. நல்லா இருக்கா. பிஸ்கட் தின்னுட்டு இருக்கா."

ஈரோட்டில் அவள் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பிறகு பதில் வந்தது.

"யாரோட பிஸ்கட்டுங்க அது?"

படத்தை மறுபடி பார்த்தான். மெகுமியின் இரண்டு கையும் காலி.

கவாமுரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நன்றி நன்றி என்று இடுப்பு வளையக் குனிந்தாள்.

இவன் அவசரமாக எழுந்து, அவளைவிடக் கீழே குனிந்தான்.